அமெரிக்காவைப் பற்றிச் சபூரா மாமி சொன்னது

புத்தளத்துக் கரைத்தீவுப் பக்கத்து முகாமில் இருக்கிற சனத்துக்கு விண்ணப்பப் போம் நிரப்ப யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தொண்ணூறாம் ஆண்டு புலிகள் விரட்டியடிக்க மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு வந்திறங்கிய நாளிலிருந்து அவர்கள் நிரப்பாத போம் கிடையாது. நிவாரண அட்டைக்கு ஒரு போம், கூரைக்குத் தென்னங்கிடுகு வேண்டுமென்றால் ஒரு போம், கக்கூசுக்கு ஒரு போம், வீட்டுக்கு ஒரு போம். ஊருக்குத் திரும்பிப் போகிறீர்களா என்று கேட்டு ஒரு போம், போகவில்லையென்றால் ஏன் போகவில்லை என்று கேட்டு இன்னொரு போம். யுத்தம் முடிந்தால் இந்தத் தொல்லை குறையும் என்று பார்த்தால், முடிந்த பிறகுதான் கூடிப்போனது. மூன்று வேளையும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும், வீட்டில் உழைக்கிற ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எத்தனை என்று சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அங்கே பெண்களுக்கு அத்துப்படி. அதைப் பொய் என்று யாரும் வாய் கூசாமல் சொல்லிவிட வேண்டாம். இருபத்தேழு வருஷமாக ஒரு மனிசரைப் பேப்பரில் மட்டுமே பார்த்தால், அந்த மனிசரும் பேப்பருக்கு ஏற்ற மாதிரி இருக்கத்தான் பழகிக்கொள்வார்.

முகாம் என்பதும் இப்போது பேருக்குத்தான். கல்வீடுகள் வந்துவிட்டன, கரண்ட் வந்துவிட்டது, பள்ளிவாசலுக்கு மினாரா எழும்பிவிட்டது. வேலி மட்டும் இன்னும் கிடுகுதான். பேரும் மாறவில்லை.

அப்படிப்பட்ட சனத்திடம் போய், "அமெரிக்காவைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று கேட்கிற வேலை ஸுல்பிகாவுக்கு வாய்த்தது. எட்டு வயதில் வாப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டு வந்தவள். இப்போது வயது முப்பத்தைந்து. ஏ எல் வரை படித்தவள். கொழும்பில் ஒரு கம்பனி உலகத்தில் பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்டு, எந்த நாட்டுச் சனத்துக்கு எந்த நாட்டைப் பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று கணக்கெடுத்து யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தது. புத்தளம் மாவட்டத்தில் தமிழில் கேட்க இரண்டு பெண்களைப் பிடித்தார்கள். கண்டக்குழிப் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளுக்கு டயனா, கரைத்தீவுப் பக்கத்துக்கு ஸுல்பிகா. முகாமில் அவளுக்குக் "கேள்வி ஸுல்பிகா" என்று பேர் விழ ஒரு கிழமைகூட எடுக்கவில்லை.

முதல் சுற்று 2016 செப்டெம்பரில் நடந்தது.

"இதுக்கு என்ன தருவாங்க?" என்றாள் முதல் வீட்டுக் கைருன்னிஸா, ஸுல்பிகா பையைக் கீழே வைக்க முன்னமே.

"ஒண்டும் தரமாட்டாங்க ராத்தா."

"தண்ணி டாங்கி?"

"இல்ல."

"தையல் மெசின்?"

"இல்லெண்டுறன் தானே. உங்கட மனசில என்ன இருக்கெண்டு மட்டும்தான் கேக்குறாங்க."

"என்ட மனசில என்ன இருந்தா அமெரிக்காக்காரனுக்கு என்ன?"

நியாயமான கேள்விதான். ஸுல்பிகாவுக்கும் பதில் தெரியாது. பயிற்சியில் சொல்லித் தந்த மூன்று விஷயத்தை வீட்டுக்கு வீடு சொன்னாள். பதில் சொன்னால் எதுவும் கிடைக்காது. சொல்லாவிட்டால் எதுவும் வெட்டுப்படாது. யாருடைய பேரும் வெளியில் போகாது. முதலாவதை ஒருவரும் நம்பவில்லை. நம்பாவிட்டாலும் கதிரை போட்டு, பிளேன்டி ஊற்றி, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார்கள்.

அந்தச் சுற்றில் அமெரிக்காவுக்கு முகாமில் நல்ல பேர். அப்போது அங்கே ஜனாதிபதியாக இருந்தவரின் பேருக்கு நடுவில் ஹுஸைன் என்று ஒரு பேர் இருந்தது. அந்த ஒன்றுக்காகவே அவர் செய்த பிழைகளில் பாதியை முகாம் மன்னித்துவிட்டது. இருபத்துநாலு வீட்டில் இருபத்திரண்டு வீடு, "மிக நல்ல அபிப்பிராயம்." ஒரு வீட்டில் காஸாவைச் சொல்லி வாயாரத் திட்டினார்கள். இன்னொரு வீட்டில் அமெரிக்கா எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.

பிறகு ஜனவரியில் அங்கே ஆள் மாறினார். மாறி ஒரு கிழமை போகவில்லை, ஏழு முஸ்லிம் நாட்டுக்காரருக்குக் கதவைச் சாத்தினார். விமான நிலையங்களில் பெட்டியும் பிள்ளையுமாகத் தவித்துக்கொண்டு நின்றவர்களை டீவியில் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். முகாமில் பார்க்காத ஆளில்லை. ஒருநாளும் கொழும்பைக்கூட ஒழுங்காகப் பாராத கைருன்னிஸா, அமெரிக்காவோடு அடுத்த வளவுக்காரியோடு கோபித்த மாதிரிக் கோபித்துக்கொண்டாள்.

மார்ச்சில் இரண்டாவது சுற்றுக்கு ஸுல்பிகா போனபோது அவள் கதிரையில் இருக்க முன்னமே பதில் வந்தது.

"கூடாது. கெட்ட நாடு. எழுது. ஆகக் கூடாது."

"நான் ஆளப்பத்திக் கேக்கல்ல ராத்தா. நாட்டப்பத்தித்தான் கேக்குறன்."

"ஆள வச்சித்தான் புள்ள நாடு. நம்மட நாட்டில ஆள் மாறின நேரம் வெளிநாட்டுக்காரனெல்லாம் நம்மள நல்லமெண்டு சொல்லல்லயா? நாங்க என்ன ஒரே ராவில நல்ல மனிசராகிட்டமா? அங்கயும் அப்படித்தான். எழுது."

ஸுல்பிகா எழுதினாள். அடுத்த வீட்டிலும் அதையே எழுதினாள். பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது, செருப்பு அறுந்தது, கால் வீங்கியது. ஆனாலும் அவளுக்குள்ளே ஒரு சந்தோஷம் இருந்தது. இந்த முறை ஒரு வீட்டிலும் "என்ன தருவாங்க?" என்று கேட்கவில்லை. அவள் கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். இருபத்தேழு வருஷத்தில் முகாம் சனம் ஒரு போமுக்குத் தன் மனசைத் திறந்து சொன்னது அந்த மார்ச்சில்தான், அதை வாங்கியவள் தான் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. இருக்கத்தானே செய்யும்.

சபூரா மாமிதான் கடைசி வீடு. கடல்நீர்க் களப்பை ஒட்டிய மண் ஒழுங்கையின் முடிவில், இலக்கமும் இல்லாத வீடு. மாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. புருஷன் மவுத்தாகிப் பதினோரு வருஷம். ஒரே மகன் மிஹ்லார், புத்தளம் டவுணில் ஹாட்வெயார் கடையில் வேலை. போன வருஷம் அவனுக்கு அமெரிக்க விசா லொத்தரில் பேர் விழுந்திருந்தது. எத்தனையோ இலட்சம் பேர் போட்டு எவனுக்கோ விழுகிற லொத்தர், முகாமில் ஒரு பொடியனுக்கு விழுந்துவிட்டது. அன்றிலிருந்து மாமி கொழும்பிலிருக்கிற எம்பசியின் நேர்முகக் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வருவார். ஜனவரிக்குப் பிறகு அந்த வருகையில் பயமும் சேர்ந்துகொண்டது.

அன்றைக்கு மாமி மற்றக் கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். அமெரிக்கா வந்ததும் எழும்பிப் போய் வேலிப் படலையைச் சாத்திவிட்டு வந்து, குரலை இறக்கிச் சொன்னார்.

"என்ட புள்ளைக்கு வா எண்டு கடிதம் அனுப்பிட்டு, இப்ப முஸ்லிமெண்டா வாசல்ல நிப்பாட்டுற நாடு என்ன நாடு? கூடாது. ஆகக் கூடாது எண்டு எழுது."

எழுதி முடிந்ததும் மாமி போமை எட்டிப் பார்த்தார். "இது அவங்கட போம் தானே? எம்பசிக்குப் போகுமா? பேர் போகாதே புள்ள?"

"வல்லாஹி போகாது மாமி."

அவள் சத்தியம் பண்ணிச் சொன்னாள். மாமி நம்பினார்.

ஏப்ரல் நடுவில் கொழும்பிலிருந்து போன் வந்தது. பேசியவர் ஜோர்ஜ், வேலையைச் சரிபார்க்கிறவர். சிலாபத்துக்காரர், சிங்களம் மாதிரியே தமிழும் சரளமாகப் பேசுவார். நல்ல மனிசர்தான். ஆனால் அன்றைக்கு அவர் இழுத்து இழுத்துக் கதைத்தது ஸுல்பிகாவுக்குப் பிடிக்கவில்லை.

"மிஸ், உங்கட ஏரியா போம்ல ஒரு சின்னப் பிரச்சினை. செப்டெம்பர்ல இருபத்திரண்டு வீடு மிக நல்லம். மார்ச்ல இருபத்தொரு வீடு மிகக் கூடாது. நடுவுல ஒண்டும் இல்ல. டயனாட கண்டக்குழிப் பக்கம் பாத்தா அஞ்சும் அஞ்சுமாக் கலந்து வருது. ஒரு ஊரே ஆறு மாசத்தில இப்படித் தலைகீழா மாறுமா எண்டு ஒபிஸ்ல கேக்குறாங்க."

"மாறினது உண்மை தானே சேர்."

"இருக்கலாம். ஆனா போம் நிரப்புறவங்க மரத்தடியில இருந்து தாங்களே பெட்டிக்குள்ள புள்ளடி போட்டாலும் இப்படித்தான் வரும். நான் நாளைக்கு வந்து அஞ்சு வீட்டில திரும்பக் கேக்கப்போறன். சரியா இருந்தா பிரச்சினையே இல்ல."

சரியாக இல்லாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. வேலை போகும். அது போனால் போகட்டும். இந்தக் கதை கொழும்பில் ஒரு கந்தோரிலிருந்து மற்றக் கந்தோருக்குப் போகும், கரைத்தீவு ஸுல்பிகா வீட்டிலிருந்து பொய் எழுதுகிறவள் என்று. பிறகு யாரும் அவளை நம்பி ஒரு பேப்பரையும் கொடுக்கமாட்டார்கள். வீங்கிய காலோடு வீடு வீடாக ஏறி இறங்கியவளுக்கு மரத்தடியில் குந்தியிருந்தவள் என்று பேர். அவளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே எல்லாவற்றையும் புருஷன் றவூபிடம் கொட்டித் தீர்த்தாள்.

றவூப் ஓட்டோ ஓடுகிறவன். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. முழுவதையும் கேட்டான். அசர் தொழுதுவிட்டு, "ஒரு சுத்து போயிட்டு வாறன்" என்று ஓட்டோவை எடுத்துக்கொண்டு போனான். வந்தபோது முகத்தில் சிரிப்பு. "ஒண்டுக்கும் யோசிக்காத. எல்லாம் சரிவரும்," என்றான். ஆறுதல் சொல்கிறான் என்றுதான் அவள் நினைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஜோர்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்திறங்கினார். கையில் ஐந்து சின்னத் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பேர். சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: ஸுல்பிகா வீட்டைக் காட்டலாம், உள்ளே வரக்கூடாது, வீட்டாரோடு கதைக்கக்கூடாது, கண்ணாலும் கையாலும் ஒன்றும் காட்டக்கூடாது. அவள் தலையாட்டிவிட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் போய் நின்றாள்.

முதல் வீடு கைருன்னிஸா. கேள்வி ஸுல்பிகாவுக்குக் கேட்கவில்லை. பதில் மட்டும் ஒழுங்கை முழுவதும் கேட்டது.

"அமெரிக்காவா? நல்ல நாடு! மிச்சம் நல்ல நாடு!"

ஸுல்பிகாவுக்குக் காதை நம்ப முடியவில்லை.

"போன மாசம் இந்த மிஸ் வந்து கேட்டாவா?" இப்போது ஜோர்ஜின் குரலும் கேட்டது.

"வந்த, வந்த. வடிவாக் கேட்ட."

"அப்ப என்ன சொன்னீங்க?"

"அப்பவும் நல்லமெண்டுதான் சொன்ன. நான் எப்பவும் நல்லமெண்டுதான் சொல்லுவன்!"

யா அல்லாஹ், இந்த மனிசிக்கு என்ன பிடித்திருக்கிறது என்று ஸுல்பிகா வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் வீட்டிலும் நல்லம். மூன்றாம் வீட்டுச் சித்தி லெய்லா ஒரு படி மேலே போய், அங்கே புதுசாக வந்திருக்கிற ஜனாதிபதியும் தங்கமான மனிசன், அல்லாஹ் அவருக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும் என்று துஆவே கேட்டுவிட்டார். அதே சித்தி லெய்லா மார்ச்சில் அந்த மனிசனைத் திட்டிய திட்டை ஸுல்பிகா போமில் எழுத இடமில்லாமல் விட்டிருந்தாள்.

ஜோர்ஜ் நாலாம் வீட்டுக்குள் நுழைந்த நேரம் பார்த்துக் கைருன்னிஸா பிளேன்டிக் கோப்பையோடு மரத்தடிக்கு வந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"பயப்படாத புள்ள. எல்லாரும் ஒரே சொல்லா நிக்கிறம்."

"என்ன ராத்தா செஞ்சி வச்சிருக்கிறீங்க?"

"உன்ட மாப்பிள்ள நேத்து வீடு வீடா வந்து சொல்லிட்டார் தானே. நாங்க அமெரிக்காவக் கூடாதெண்டு சொன்னதால கொழும்பில உன்னோட கோவமாம், வேலைய நிப்பாட்டப் போறாங்களாம் எண்டு. எங்களுக்குத் தெரியாதா? நாங்க எத்தின போம் பாத்தவங்க! நீ கவலப்படாமத் தேத்தண்ணியக் குடி."

ஸுல்பிகா கோப்பையை வாங்கவில்லை. சற்றுத் தள்ளிப் போய் றவூபுக்குப் போன் எடுத்தாள்.

"என்ன வேல பாத்து வச்சிருக்கிறீங்க?"

"ஏன்? சரியாச் சொன்னாங்களா எல்லாரும்?" அவன் குரலில் அவ்வளவு சந்தோஷம். "சபூரா மாமிக்கும் சொல்லிட்டன். அவதான் கொஞ்சம் பயந்த. பிறகு சரியெண்டுட்டா."

அவனை ஏசக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. என்னவென்று ஏசுவது? முகாமில் வளர்ந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான். மேலேயிருந்து ஒருவன் வந்து திரும்பக் கேட்டால் போன முறை சொன்ன பதில் பிடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். பிடித்த பதிலைச் சொன்னால் பிரச்சினை தீரும். இத்தனை வருஷமும் அப்படித்தானே தீர்ந்தது. கோபித்துக்கொள்ளவும் முடியாத அன்பு அது. அந்த அன்பு அத்தனையும் சேர்ந்துதான் அவள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

நாலாம் வீட்டிலிருந்து வந்த ஜோர்ஜின் முகம் வாடியிருந்தது.

"மிஸ், நாலுக்கு நாலும் பிழை. நீங்க எழுதினது ஒண்டு, அவங்க சொல்றது ஒண்டு. போன மாசமும் நல்லமெண்டுதான் சொன்னாங்களாம்."

ஸுல்பிகா நடந்ததைச் சொன்னாள். றவூப் போனதை, சொன்னதை, ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது நொண்டிச்சாட்டாகக் கேட்டது.

ஜோர்ஜ் பெருமூச்சு விட்டார். "அப்ப சனத்துக்குச் சொல்லிக் குடுத்திருக்கு எண்டு நான் ரிப்போட்ல எழுதவா? நேத்து சொல்லிக் குடுத்தா, மார்ச்ல சொல்லிக் குடுக்கல்ல எண்டு ஒபிஸ்ல எப்படி நம்புவாங்க?"

ஸுல்பிகா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு உங்களப் பாத்தா அப்படிச் செய்ற ஆள் மாதிரித் தெரியல்ல மிஸ். உண்மையாச் சொல்றன். ஆனா என்ட கையில இருக்கிறது பேப்பர்தான்." கடைசித் துண்டைப் பார்த்தார். "சபூரா உம்மா. இன்னும் ஒரு வீடு."

"அந்த வீட்ட விட்டுடுங்க சேர்." யோசிக்க முன்னமே வாய் சொல்லிவிட்டது.

"ஏன்?"

ஏன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அந்த மனிசியின் பயத்தை எடுத்து வெளியில் வைத்ததாகிவிடும். பேர் வெளியே போகாது என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தவள் அவள். பேர் இப்போது இவருடைய கையில் ஒரு துண்டில் இருக்கிறது. இனி மாமியும் நல்லமென்று சொல்லட்டும். சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கட்டும். ஐந்துக்கு ஐந்து பிழையானால் என்ன, நாலுக்கு நாலு ஏற்கெனவே பிழைதானே.

"ஒண்டுமில்ல சேர். வாங்க, வீட்டக் காட்டுறன்," என்றாள்.

ஒழுங்கையின் முடிவில் படலையைக் காட்டிவிட்டு அவள் வேலிக்கு வெளியில் நின்றாள். கிடுகு வேலி, உள்ளே கதிரை இழுக்கிற சத்தம்கூடக் கேட்கும்.

"என்ட பேர் உங்களுக்கு எப்படி மகன் தெரியும்?" மாமியின் முதல் கேள்வியே அதுதான்.

"சரிபாக்கிறதுக்காக மட்டும் தனித்துண்டில இருக்கு அம்மா. வேற எங்கயும் போகாது."

"ஆ," என்றார் மாமி. அந்த ஒரு சத்தத்தில் ஸுல்பிகா வேலிக்கு வெளியே கூனிக் குறுகிப்போனாள்.

ஜோர்ஜ் கேள்விகளைக் கேட்டார். இந்தியா, சீனா என்று ஒவ்வொன்றாக வந்தது. அமெரிக்கா வந்தது.

"நல்லம்," என்றார் மாமி.

"போன மாசம் என்ன சொன்னீங்க?"

"அதுதான். நல்லம்."

பேனை உரசுகிற சத்தம். அதோடு ஜோர்ஜ் எழும்பியிருக்கலாம், எழும்ப வேண்டும். ஆனால் அவரும் மனிசர்தான். ஐந்து வீட்டுக் களைப்போ, வெளியே நிற்கிறவளின் முகமோ, அவருக்கு வாய் அடங்கவில்லை.

"பாவம் அந்த மிஸ். அப்ப அவ எழுதினது அவ்வளவும் பொய்தான்."

"என்ன பொய்?"

"நீங்க ஆகக் கூடாதெண்டு சொன்னதா எழுதியிருக்கிறா. நீங்க அப்படிச் சொல்லல்லயே. மத்த நாலு வீட்டிலயும் இதே கதை. வீட்டில இருந்து தானே எழுதிட்டா எண்டுதான் இனி முடிவாகும்."

"அவ வந்து கேட்டாவெண்டு நாங்க சொல்லுறம் தானே?"

"வந்தா அம்மா. ஆனா நீங்க சொன்னத எழுதல்ல. அதுவும் பொய்தானே?"

உள்ளே சத்தமில்லை. களப்புப் பக்கமிருந்து காற்று வந்து கிடுகைச் சலசலவென்று அசைத்தது. அவ்வளவு நேரம் ஏன் சத்தமில்லை என்று ஸுல்பிகாவுக்குத் தெரியும். மாமி பேசாமல் இருந்தால் போதும். மகன் தப்பிவிடுவான். மாமியைப் பொறுத்தவரை அந்தப் பேப்பர் இங்கிருந்து நேரே எம்பசி மேசைக்குத்தான் போகிறது. நேர்முகத்துக்கு மிஹ்லார் போய் உட்கார, எதிரே இருக்கிறவன் அதை எடுத்து வைத்துக்கொண்டு, உன் உம்மா எங்களைப் பற்றி என்ன சொன்னா தெரியுமா என்று கேட்கத்தான் போகிறான். பேசாமல் இருங்க மாமி, பேசாமல் இருங்க என்று ஸுல்பிகா மனசுக்குள் கெஞ்சினாள். பேசுங்க மாமி என்றும் அதே மனசு கெஞ்சியது. இரண்டும் உண்மைதான், எதை மறைக்க?

"இருங்க மகன்," என்றார் மாமி.

கதிரை திரும்ப இழுபட்டது.

"அந்தப் புள்ள பொய் எழுதல்ல. நான் சொன்ன. இந்த இடத்தில இருந்துதான் சொன்ன, படலையச் சாத்திட்டு வந்து சொன்ன. கூடாது எண்டு. ஆகக் கூடாது எண்டு. அவ எழுதினா."

"அப்ப இப்ப ஏன் நல்லமெண்டு சொன்னீங்க?"

"பயத்தில சொன்ன. மத்தவங்க அவக்கு நல்லது செய்றமெண்டு சொல்லியிருக்கிறாங்க. நேத்து அவட மாப்பிள்ள வந்து நல்லமெண்டு சொன்னா வேல தப்பும் எண்டான். அவன் ஒரு விசரன், நல்லவன். போய்த் திரும்பக் கேளுங்க. நான் உண்மையச் சொல்லிட்டன் எண்டு சொல்லுங்க, எல்லாரும் சொல்லுவாங்க. கைருன்னிஸா அந்த அமெரிக்காக்காரனத் திட்டின திட்டு இந்த ஒழுங்கையில எல்லாருக்கும் கேட்டது."

ஜோர்ஜ் பேப்பரைப் புரட்டுகிற சத்தம். பிறகு, "அப்ப நான் மாத்தி எழுதுறன் அம்மா. மிகக் கூடாது. சரியா?" என்றார்.

"எழுதுங்க."

பேனை உரசியது.

"இன்னொரு விஷயமும் எழுதோணும்."

"சொல்லுங்க."

"எனக்கு ஒரு மகன் இருக்கிறான். மிஹ்லார். அவனுக்கு அங்க போக லொத்தர் விழுந்திருக்கு. இத அவன் சொல்லல்ல. அவனுக்கு அந்த நாட்டில நல்ல விருப்பம். உம்மாதான் கூடாதெண்டு சொன்ன. கோவத்தில சொன்ன. அவனுக்கு இதில சம்பந்தமில்ல. அப்படி எழுதுங்க."

"அம்மா, இது எம்பசிக்குப் போற பேப்பர் இல்ல. இந்தக் கம்பனிக்கும் அவங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. உங்கட மகனுக்கு ஒண்டும் ஆகாது."

"ஓம் ஓம்," என்றார் மாமி. "ஸுல்பிகாவும் அப்படித்தான் சொன்ன. நீங்க எழுதுங்க மகன்."

அந்தப் போமில் அதற்கு ஒரு இடமும் கிடையாது. நாலு பெட்டிதான், நாலில் ஒன்றுக்குப் புள்ளடி போடலாம், அவ்வளவுதான். அது ஸுல்பிகாவை விட யாருக்குத் தெரியும்? ஜோர்ஜ் என்ன செய்யப்போகிறார் என்று கிடுகு இடுக்கால் பார்த்தாள். அவர் போமைத் திருப்பி, பின்பக்கத்து வெறுமையான இடத்தில், மடியில் வைத்து நிதானமாக எழுதினார்.

"வாசிங்க," என்றார் மாமி.

ஜோர்ஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "இந்தப் பதிலைச் சொன்னது சபூரா உம்மா. மகன் மிஹ்லார் சொல்லவில்லை. அவருக்கு அமெரிக்காவில் நல்ல அபிப்பிராயம்."

"மிக நல்ல அபிப்பிராயம் எண்டு போடுங்க," என்றார் மாமி.

ஜோர்ஜ் போட்டார். ஸுல்பிகா வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டுமென்று விம்மி விம்மி அழுதாள். உள்ளே மாமி, அந்த "மிக" வடிவாக விளங்குகிறதா என்று ஜோர்ஜிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.